லைக் இருக்கட்டும், லிட்டர் எத்தனை?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, தண்ணீர் சிக்கனத்துக்காகச் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. தினமும் ஒரு பதிவு போடுகிறோம். வறண்ட ஏரிப் படங்கள், பொன்மொழிகள், 'எல்லோரும் இப்படி வீணடித்தால் நாளை குடிக்கத் தண்ணீர் இருக்காது' என்கிற எச்சரிக்கைகள். லைக் நன்றாகவே வருகிறது. ஆனால் எங்கள் குடியிருப்பிலேயே தண்ணீர்ச் செலவு குறையவில்லை. மக்களுக்கு அக்கறை இல்லையா? பணம் கட்டிப் பதிவுகளை விளம்பரப்படுத்தினால் பலன் இருக்குமா?

பதில்: மக்களைக் குறை சொல்வதற்கு முன்னால், நீங்கள் அனுப்பிய பதிவுகளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டேன். வெடித்த நிலம். வெடித்த நிலத்தில் ஒரு குழந்தை. வெடித்த நிலத்தில் ஒரு காலிக் குடம். அப்புறம் உள்ளங்கையில் பூமி உருண்டை, அதன் மேல் ஒற்றைச் சொட்டு. சரி, இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் என்ன செய்ய வேண்டும்? எழுந்து போய் எந்தக் குழாயைத் திருக வேண்டும்? ஒரு பதிவிலும் அது இல்லை. செய்வதற்கு இருந்த ஒரே வேலை லைக் போடுவதுதான், போட்டுவிட்டார்கள். போட்ட கையோடு நம் பங்கு முடிந்தது என்ற நிம்மதியும் வந்துவிடுகிறது, அதோடு ஷவருக்குக் கீழே போய் இருபது நிமிடம் நின்றால் உறுத்தக்கூட உறுத்தாது.

இன்னொரு தப்பு, அது இதைவிடப் பெரியது. 'எல்லோரும் வீணடிக்கிறார்கள்' என்று வாரத்துக்கு நாலு தடவை எழுதுகிறீர்கள். படிப்பவர் காதில் விழுவது என்ன தெரியுமா? எல்லோரும் அப்படித்தான், நான் மட்டும் சிக்கனம் பிடித்து என்ன ஆகப்போகிறது என்பதுதான். இது என் ஊகம் இல்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது, வருகிறவர்கள் துண்டு துண்டாகப் பையில் போட்டுக்கொண்டு போவது அங்கே தீராத தலைவலி. உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் இரண்டு விதமான பலகைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒன்று, பலர் எடுத்துப்போனதால் காடே மாறிக்கொண்டிருக்கிறது என்று புலம்பியது. மற்றது, தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டது. அடையாளம் போட்ட துண்டுகளை வழியில் போட்டுவைத்து எண்ணிப் பார்த்தால், புலம்பிய பலகை இருந்தபோது 100க்கு ஏறத்தாழ 8 துண்டுகள் காணாமல் போயிருந்தன, கேட்டுக்கொண்ட பலகை இருந்தபோது 2க்கும் குறைவு. திருட்டைத் தடுக்க வைத்த பலகையே 'ஊரே எடுக்கிறது, நீயும் எடு' என்று சொல்லியிருக்கிறது. உங்கள் பக்கம் எட்டு மாதமாக அந்த முதல் பலகையைத்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதைத் திருப்பிப் போட்டால் வேலை செய்கிறது என்பதற்கும் சாட்சி உண்டு. 2007இல் அதே நாட்டில் ஜார்ஜியா மாநிலத்தின் காப் கவுன்ட்டியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். சில வீடுகளுக்குத் தண்ணீரைச் சேமிக்கும் வழிகளை மட்டும் அனுப்பினார்கள், செலவு கிட்டத்தட்ட அசையவே இல்லை. வேறு சில வீடுகளுக்கு அந்த வழிகளோடு ஒரு வேண்டுகோளும் போய், கூடவே உங்கள் வீடு இவ்வளவு செலவழித்தது, உங்கள் பகுதியின் மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் இந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்ற கணக்கும் போனது. அந்த வீடுகளில் 4.8 சதவீதம் குறைந்தது. நாள் போகப் போக அந்த வேகம் தணிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ஒரு கடிதத்துக்கு 4.8 சதவீதம் என்பது உங்கள் பூமி உருண்டை கனவிலும் தொடாத கணக்கு.

கேப்டவுனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018இல் குழாய்களையே மூடிவிட்டு, ஆளுக்கு 25 லிட்டர் என்று வரிசையில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டிய 'பூஜ்ய நாள்' வரப்போகிறது என்று நகர நிர்வாகம் தேதியே குறித்தது. பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று வரம்பு. எந்தெந்த வீடுகள் வரம்புக்குள் இருக்கின்றன என்று பச்சைப் புள்ளி வைத்த வரைபடத்தை இணையத்தில் போட்டார்கள். அந்த ஊர்ப் பாடகர்கள் சிலர் தங்கள் பாட்டுகளை இரண்டு நிமிடத்துக்குச் சுருக்கிப் பாடிக் கொடுத்தார்கள், பாட்டு முடிவதற்குள் குளித்து முடித்துவிட வேண்டும் என்பதற்காக. (இந்த யோசனையைக் கொடுத்தவருக்கு நான் ஒரு மாலை போடுவேன்.) சில ஆண்டுகளுக்கு முந்தைய செலவில் பாதிக்கும் கீழே இறங்கியது அந்த நகரம். இதெல்லாம் பதிவு போட்டே வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கட்டணத்தை ஏற்றினார்கள், குழாயில் அழுத்தத்தைக் குறைத்தார்கள், அப்புறம் மழையும் வந்தது. ஆனால் 50 என்ற எண் அங்கே எல்லார் வாயிலும் இருந்தது. உங்கள் எட்டு மாதப் பதிவுகளில் ஒரே ஒரு எண்ணைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இவ்வளவு சொன்னதும், யார் வீணடிக்கிறார்களோ அவர்களைப் படம் பிடித்துப் போடலாமே என்று உங்களில் ஒருவருக்கு இந்நேரம் கை பரபரக்கும். வேண்டாம். 2015 வறட்சியில் கலிஃபோர்னியாவில் அதைச் செய்தார்கள், பச்சைப் பசேலென்று புல்தரை வைத்திருந்தவர்களின் வீட்டைப் படம் எடுத்து விலாசத்தோடு போட்டு அவமானப்படுத்துவது ஒரு தனி ஹேஷ்டேகாகவே ஓடியது. அந்தப் புல்லுக்குப் போவது மறுசுழற்சி நீரா என்று தெருவில் நின்று படம் எடுப்பவருக்கு எப்படித் தெரியும்? அவமானப்பட்டவர் குழாயை மூடமாட்டார், உங்களைத்தான் பிளாக் செய்வார்.

அப்படியானால் எதைப் போடுவது? கையால் செய்து காட்டக்கூடியதைப் போடுங்கள். ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் கலர் கரைத்து விட்டு, கால் மணி நேரம் தண்ணீர் திறக்காமல் இருந்து, கோப்பைக்குள் நிறம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகுகிறது. முப்பது வினாடி ரீல்ஸுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது, பார்க்கிற பத்துப் பேரில் இரண்டு பேராவது தங்கள் வீட்டில் செய்து பார்ப்பார்கள், ஏனென்றால் முடிவைத் தெரிந்துகொள்ளும் ஆசை யாரையும் விடாது. அதேபோல மீட்டர் சோதனை: எல்லாக் குழாயையும் மூடு, எண்ணைக் குறித்துக்கொள், இரண்டு மணி நேரம் கழித்துப் பார், நகர்ந்திருந்தால் எங்கோ கசிவு. வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயில் ஒரு நாளைக்கு 86,400 சொட்டுகள், சொட்டுக்குக் கால் மில்லிலிட்டர் வைத்தாலும் 21 லிட்டருக்கு மேல், வருடத்துக்கு 7,800 லிட்டரைத் தாண்டும். ஒழுகும் குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்து, காலையில் எவ்வளவு நிறைந்தது என்று படம் போட்டால் போதும், அதற்குப் பொன்மொழியே தேவையில்லை.

முக்கியமாக, உங்கள் நால்வரின் வீட்டு மீட்டர் எண்களைப் போடுங்கள். மாதா மாதம். கூடினாலும் போடுங்கள், விருந்தாளி வந்தார்கள் என்று காரணம் சொல்லிவிட்டுப் போடுங்கள். பிறகு குடியிருப்பில் குறைத்துக் காட்டிய வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் கதையைப் போடுங்கள். 2014இல் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்ட சவால் நினைவிருக்கிறதா? அது ஏன் அப்படிப் பரவியது? செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, கண்ணுக்குத் தெரிவது, அடுத்து யார் என்று பேர் சொல்லிக் கூப்பிடுவது. தண்ணீரைக் கீழே கொட்டிய அந்தப் பிரச்சாரத்திடமிருந்துதான் தண்ணீரைக் காப்பாற்றப் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

கமென்டில் ஒருவர் கட்டாயம் வருவார்: உலகில் எடுக்கப்படும் நன்னீரில் 70 சதவீதம் போல விவசாயத்துக்குப் போகிறது, என் ஷவரை ஏன் நோண்டுகிறீர்கள் என்று. அவர் சொல்வது சரிதான், சண்டைக்குப் போகாதீர்கள். வீட்டுக் குழாயைத் திருகினால் உலகத் தண்ணீர்ப் பிரச்சினை தீராது. ஆனால் உங்கள் குடியிருப்புக்கு வரும் தண்ணீர் உங்கள் குடியிருப்புக்குத்தான் போதவில்லை. அவரையே ஒரு வேலையில் இறக்கிவிடுங்கள்: தெருவில் குழாய் உடைந்து ஓடுகிறதா, இடம், தேதி, நேரம், படம் எல்லாவற்றையும் போட்டு, குடிநீர் வழங்கும் நிர்வாகத்தின் பக்கத்தை இணைத்து, சரி செய்யும் வரை இன்று மூன்றாம் நாள், இன்று நான்காம் நாள் என்று எண்ணிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். ஃபோனில் சொன்ன புகாரை மறந்துவிடலாம், ஆயிரம் பேர் பார்க்க எண்ணப்படும் நாளை மறப்பது கஷ்டம். சரி செய்தால் நன்றி சொல்லியும் ஒரு பதிவு போடுங்கள், அடுத்த தடவைக்கு உதவும்.

கடைசியாக, விளம்பரத்துக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அந்தப் பணத்துக்குக் குழாய் வாஷர் வாங்குங்கள். வாளிப் படத்துக்குக் கீழே 'எங்கள் வீட்டிலும் ஒழுகுகிறது' என்று எழுதுகிறவர்களில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, ஸ்பேனரோடு போய் மாட்டிக் கொடுங்கள். அதைப் படம் பிடிக்க மறக்காதீர்கள்.