வாசகர் கேள்வி – பதில்: உண்ணிக் காய்ச்சலின் இருப்பிடம்

கேள்வி: எங்கள் சிறு தேயிலைத் தோட்டத்திற்குக் காட்டெருமைகள் நாள்தோறும் வருகின்றன. சென்ற மாதம் என் தாயாருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. அவற்றிடமிருந்துதான் தொற்றியதா? நோய்க்கிருமிகள் வாழும் இடங்களை வரைபடமாக்குகிறார்களாமே, அதில் எங்கள் தோட்டம் இருக்குமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: காட்டெருமையின் மீது பழி சுமத்த வேண்டியதில்லை. உண்ணிக் காய்ச்சலை (ஸ்க்ரப் டைபஸ்) உண்டாக்கும் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா, மாட்டின் மேல் ஊறும் உண்ணியில் வாழ்வதில்லை. தேயிலை இலையைச் சிவக்க வைக்கும் செஞ்சிலந்தியை நீங்கள் அறிவீர்கள். அதற்குத் தூரத்து உறவான, ‘மைட்’ வகையைச் சேர்ந்த ஒரு சிற்றுயிரே இந்தக் கிருமியின் வீடு. அந்தச் சிற்றுயிர் முட்டையிலிருந்து வெளிவந்த பருவத்தில் மட்டும், புல் நுனியிலோ சருகிலோ காத்திருந்து, எலியையோ மனிதரையோ ஒரே ஒரு முறை கடித்து, பின் மண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. கிருமி தாயிடமிருந்து முட்டைகளுக்கே கடந்துவிடுவதால், எலி கிருமியின் மூலம் என்பதைவிட, அந்தச் சிற்றுயிருக்கு உணவும் ஊர்தியும் என்பதே பொருத்தம். ஆய்வாளர்கள் கூண்டில் பிடித்த எலியின் காதுமடலைப் புரட்டிப் பார்த்தால், ஆரஞ்சு நிறத் தூள் ஒட்டியதுபோல அவை கூட்டமாக அப்பியிருக்கும்.

ஆகவே இந்தக் கிருமியின் வாழ்விடம் என்பது ஈரம், நிழல், எலி, சிற்றுயிர் ஆகிய நான்கும் ஒன்றுகூடும் இடமாகும்: கைவிடப்பட்ட தேயிலைப் பாத்தி, ஓடையோரப் புதர், உண்ணிச்செடி மண்டிய வேலியோரம். (செடியின் பெயருக்கும் காய்ச்சலின் பெயருக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானது; எனினும் அதன் அடர்ந்த நிழல் எலிக்குப் புகலிடமாகிறது.)

ஓர் உயிரினத்தின் வாழ்விடத்தை வெப்பம், ஈரம் முதலிய பல அளவுகளால் ஆன ஒரு வெளியாகக் கருதலாம் என்று 1957-ல் ஹட்சின்சன் என்ற சூழலியலாளர் விளக்கினார். இன்றைய வரைபடங்களுக்கு அதுவே அடிப்படை. கிருமி கண்டறியப்பட்ட இடங்களின் வெப்பம், மழை, உயரம், தாவரப் போர்வை ஆகியவற்றைக் கணினி கற்றுக்கொண்டு, அவற்றை ஒத்த பிற இடங்களைக் குறித்துக் காட்டுகிறது. 2006-ல் அறிமுகமான மேக்ஸென்ட் என்னும் முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது.

ஆனால் கிருமி கண்டறியப்பட்ட இடங்கள் என வரைபடத்தில் குறிக்கப்படும் புள்ளிகளை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். கடிபட்டு ஏறக்குறைய பத்து நாள் கழித்தே காய்ச்சல் தொடங்குகிறது. நோயாளி கோவைக்குச் சென்று பரிசோதித்துக்கொண்டால், மருத்துவமனை இருக்கும் இடமே புள்ளியாகப் பதிவாகிவிடக்கூடும். கொளுந்து பறித்த பாத்தி பதிவேட்டில் வராது. பரிசோதனையே செய்யாத ஊர், நோயற்ற ஊர்போல வெறுமையாகத் தோன்றும். எனவே வரைபடத்தில் உங்கள் தோட்டம் வண்ணத்தில் இருந்தால், கிருமி வாழத் தகுந்த இடம் என்று மட்டும் கொள்ளுங்கள். வெறுமையாக இருந்தால் அச்சமற்ற இடம் என்று கொள்ளாதீர்கள்.

கிருமிக்குக் கிருமி வரைபடம் மாறும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் பாக்டீரியா சுண்ணாம்புச் சத்துள்ள காரமண்ணில் வித்துகளாகப் பல பத்தாண்டுகள் உயிருடன் கிடந்து, தரையோடு மேயும் விலங்குகளைத் தாக்குகிறது. அந்த நோய்க்குக் காட்டெருமையும் இரையாகலாம். அமிலத் தன்மையுள்ள தேயிலை மண் அதற்கு ஏற்றதல்ல.

தாயாருக்கு மீண்டும் காய்ச்சல் வந்தால், அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வலியில்லாத கறுப்புப் பொருக்கு உள்ளதா எனப் பாருங்கள். அது எல்லோருக்கும் தோன்றுவதில்லை. ஆகையால் இல்லை என்றாலும், முந்தைய இரண்டு வாரங்களில் அவர் எந்தப் பாத்தியில், எந்தப் புதரோரத்தில் வேலை செய்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் தணிந்துவிடும்.