போஸ்ட்டாக் தேடல்: நூறு பேருக்கு ஒரே கடிதம் வேண்டாம்

"நெல்லின் உப்புத் தாங்கும் திறன் குறித்த முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். வெளிநாட்டில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) வாய்ப்புக் கேட்டு நூறு பேராசிரியர்களுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. என்ன செய்வது?" என்று கேட்கும் மதுரை வாசகர் ஒருவர், தம் கடிதத்தின் நகலையும் இணைத்திருக்கிறார்.

'உலகப் புகழ்பெற்ற தங்கள் ஆய்வகத்தில் பணியாற்ற விரும்புகிறேன்' என்று அது தொடங்குகிறது. யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும் கடிதம் என்பதால், எவரும் அதைத் தமக்கு எழுதியதாக எடுத்துக்கொள்வதில்லை. பத்து ஆய்வகங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் அண்மைக் கட்டுரைகளில் இரண்டையாவது முழுதாகப் படியுங்கள். பிறகு இப்படி எழுதலாம்: 'உப்பைத் தாங்கும் பொக்காளி நெல்லின் வேரில் சோடியம் எப்படித் தடுக்கப்படுகிறது என்று ஆராய்ந்தேன். எந்தச் செல்லில் அது நிற்கிறது என்பதை என்னால் காண முடியவில்லை. உயிருள்ள வேரைப் படம்பிடிக்கும் உங்கள் நுண்ணோக்கி முறை அதைக் காட்டும் என்று நம்புகிறேன்.' இந்த மூன்று வரிகளில் உங்கள் திறமையும் அந்தப் பேராசிரியருடைய பங்கும் அடங்கிவிடுகின்றன. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது பணம். பேராசிரியரிடம் திட்ட நிதி இருந்தால் அவரே நியமிப்பார். அமெரிக்காவில் பெரும்பாலும் இதுதான் வழி. ஐரோப்பியப் பணியிடங்களை யூராக்ஸஸ் (EURAXESS) என்ற ஆய்வு வேலைவாய்ப்பு இணையதளத்தில் பார்க்கலாம். அவரிடம் நிதி இல்லையென்றாலும் முயற்சியைக் கைவிடாதீர்கள். 'உங்கள் ஆய்வகத்துக்கு வர நான் ஃபெல்லோஷிப்புக்கு (ஆய்வு உதவித்தொகை) விண்ணப்பிக்கலாமா?' என்று கேளுங்கள். மறுத்துவிடுவது அவருக்கு அவ்வளவு எளிதாக இருக்காது.

இங்கே கவனிக்க வேண்டியது பட்டம் பெற்ற நாள். எம்போ (EMBO, ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு) ஃபெல்லோஷிப்புக்குப் பட்டம் பெற்று 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையும் தேவை. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளையின் ஃபெல்லோஷிப் 4 ஆண்டு, ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் (JSPS, அறிவியல் வளர்ச்சிக் கழகம்) ஃபெல்லோஷிப் 6 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப் 8 ஆண்டு வரை இடம் தருகின்றன. அதனால் சீக்கிரம் முடிந்துவிடும் வாய்ப்பை முதலில் பயன்படுத்துங்கள். ஜேஎஸ்பிஎஸ்ஸின் பொதுப் பிரிவில் உங்களுக்காக விண்ணப்பிப்பவர் ஜப்பானியப் பேராசிரியரே. மேரி கியூரிக்கு வழக்கமாகச் செப்டம்பரில் கெடு முடியும். ஆய்வுத் திட்டத்தை நீங்களும் பேராசிரியரும் சேர்ந்து எழுத வேண்டும் என்பதால் மார்ச், ஏப்ரலிலேயே பேசத் தொடங்குங்கள்.

பரிந்துரைக் கடிதத்தை 'நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்லும் நெறியாளர்கள் நம்மிடையே உண்டு. தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள். நீங்கள் செய்த சோதனைகள், சமாளித்த சிக்கல்கள் ஆகியவற்றைக் குறிப்பாகக் கொடுத்து, அவரையே எழுதச் சொல்லுங்கள். வெவ்வேறு பேரின் பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் ஒரே நடையில் இருந்தால் தேர்வுக் குழுவுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பணி ஆணை தருவதாகச் சொல்லி 'பதிவுக் கட்டணம்' கேட்டு யாராவது எழுதினால், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு நேரடியாக எழுதி விசாரியுங்கள்.