கட்டில் கம்பியத் தொட்டாலும் கை கழுவணுமா?

கேள்வி: அம்மாவுக்கு பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாளா ஜெனரல் வார்டுல இருக்காங்க, நான்தான் கூட இருக்கேன். இப்ப தையல் போட்ட இடத்துல சீழ் வச்சிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. காயத்துல நான் கையே வச்சதில்ல, வார்டும் தினம் பினாயில் போட்டு துடைக்கிறாங்க. எப்படி வந்துச்சு, என் தப்பா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மொதல்ல அழுகைய நிறுத்தும்மா. ஆபரேஷன் காயத்துல சீழ் வைக்க எத்தனையோ காரணம் இருக்கு, பல நேரம் நோயாளியோட தோல்ல ஏற்கனவே இருக்கிற கிருமியே உள்ள போயிடும், சுகர் இருந்தா இன்னும் சுலபம். உன் தப்புன்னு யாராலயும் சொல்ல முடியாது.

ஆனா 28 வருஷம் வார்டு சிஸ்டரா இருந்தவ சொல்றேன், பினாயில் வாசனைய நம்பாதே. துடைச்சது தரை. அம்மாவோட கை படுறது கட்டில் கம்பி, பக்கத்து லாக்கர், டிரிப்ஸ் ஸ்டாண்டு, பாத்ரூம் தாழ்ப்பாள், லைட் சுவிட்ச். ஸ்டாஃபைலோகாக்கஸ், அசினிடோபாக்டர் மாதிரி கிருமிங்க காஞ்சு போன இடத்துலயே வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல உயிரோட கெடக்கும், அதனால முன்னாடி அந்தக் கட்டில்ல படுத்திருந்தவங்களுக்கு இருந்தது கட்டில சரியா துடைக்கலன்னா அடுத்து வர்றவங்களுக்கு வர வாய்ப்பு கூடிடுது. பிபி பாக்குற பட்டைய எடுத்துக்கோ, ஒரு நாள்ல முப்பது பேர் கையில சுத்துவோம், அத தோய்ச்சு காயப்போட்டு நான் பாத்தது ரொம்ப அபூர்வம், இப்ப நினைச்சாலும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

எப்பெப்ப கை கழுவணும்னு உலக சுகாதார நிறுவனம் அஞ்சு நேரம் சொல்லுது. அஞ்சாவத நிறைய பேர் விட்டுடுவாங்க: நோயாளியத் தொடலன்னாலும், அவங்க கட்டில், சாமான் எதத் தொட்டாலும் அப்புறம் கை சுத்தம் பண்ணணும். அது நர்ஸ், டாக்டருக்குன்னு எழுதினது, கூட இருக்கிற நமக்கும் அப்படியே பொருந்தும். பக்கத்து பெட் பாட்டிக்கு தண்ணி ஊத்திக் குடுத்துட்டு நேரா அம்மா போர்வைய இழுத்து விடாத. அம்மா கட்டில்ல நீ உக்காராத, செல்போன கட்டில் மேல போடாத. கட்டு மாத்த வர்றவங்க ஒரே கிளவுஸோட அடுத்த பெட்டுலேர்ந்து வந்தா, "சிஸ்டர், கிளவுஸ் மாத்திட்டு கை சுத்தம் பண்ணிட்டு தொடுங்க"ன்னு தைரியமா கேளு. கேட்டா கோவிச்சுக்குவாங்களோன்னு பயப்படாத, கேக்குறது உன் உரிமை.

கேள்வி: ஆஸ்பத்திரில கான்ட்ராக்ட்ல ஹவுஸ்கீப்பிங் பாக்குறேன் மேடம். ரத்தம் சிந்துன இடத்துல ஹைப்போ (குளோரின் கிருமிநாசினி தண்ணி) ஊத்தி உடனே துடைச்சிடுறோம், இது சரியா?
– வாசகர், சேலம்

பதில்: உடனே துடைச்சா மருந்துக்கு வேலை செய்ய நேரமே இல்ல தம்பி. கிளவுஸ் போட்டுக்கிட்டு, பழைய துணியோ பேப்பரோ போட்டு ரத்தத்த மூடி, மேல 1 சதவீத ஹைப்போகுளோரைட், அதான் நீங்க சொல்ற ஹைப்போ, ஊத்தி, குறைஞ்சது 10 நிமிஷம் விட்டு அப்புறம் எடுங்க. மத்த இடங்கள்ல மொதல்ல சோப்பு தண்ணில அழுக்க எடுக்கணும், ஏன்னா அழுக்கு மேல ஊத்துன குளோரின் அழுக்கோட சண்ட போட்டே வீணாப் போயிடும். கரைசல தினமும் புதுசா கலக்குங்க. சுத்தமான பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு அழுக்கான பக்கம் போங்க, கக்கூஸ் துடைச்ச மாப்ப வார்டுக்குள்ள கொண்டு வரவே கூடாது. பாத்ரூம் ஆசிட்டோட ஹைப்போவ ஒருநாளும் கலக்காதீங்க, விஷவாயு வரும், மொதல்ல உங்க நெஞ்சத்தான் அடைக்கும்.

ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. 1847ல வியன்னா பிரசவ ஆஸ்பத்திரில செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர், பிணம் அறுத்துட்டு வர்றவங்க குளோரின் தண்ணில கை கழுவிட்டுதான் தாய்மாரத் தொடணும்னு சொன்னாரு. ஏப்ரல்ல 100க்கு 18 பேர் செத்துக்கிட்டிருந்த வார்டுல சில மாசத்துலயே அது 2க்கு இறங்குச்சு. உங்க பக்கெட்ல இருக்கிறதும் அதே குளோரின் சரக்குதான். கிளவுஸ் தரலன்னா கேட்டு வாங்குங்க, தராம வேலை வாங்குறது அநியாயம்.

கேள்வி: சானிடைசர் மட்டும் போதுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கை பாக்க சுத்தமா இருந்தா போதும். ஆனா பேதி வார்டுல போதாது. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல்னு ஒரு பேதிக் கிருமி விதை மாதிரி ஓடு கட்டிக்கிட்டு கெடக்கும், ஆல்கஹால் அத அசைக்காது. அங்க சோப்பும் ஓடுற தண்ணியும்தான்.