ஹேக்லரா, லெனார்டா?

அன்புள்ள சார்,

1987 ஹேக்லர்–லெனார்டு குத்துச்சண்டையை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். 12 ரவுண்டும் முன்னேறி வந்தவர் சாம்பியன் ஹேக்லர். லெனார்டு ஓடிக்கொண்டே இருந்தார். சாம்பியனிடமிருந்து பட்டத்தைப் பறிக்க வேண்டுமானால் தெளிவாக அடித்திருக்க வேண்டாமா? எனக்கு இது அநியாயத் தீர்ப்பாகவே படுகிறது.

கே.

அன்புள்ள கே.,

ஜெயித்தது லெனார்டுதான், ஆனால் மயிரிழையில். அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம் எதுவும் இல்லை. ஹேக்லரின் ஆட்டம்தான் எனக்கு உயர்ந்தது.

சாம்பியனைத் தெளிவாக அடித்தால்தான் பட்டம் என்று விதி எதுவும் கிடையாது. சாம்பியனுக்கு இருக்கும் ஒரே சலுகை, சண்டை டிரா ஆனால் பட்டம் அவரிடமே தங்கும் என்பது. முன்னேறி வருவதற்கும் தனியாகப் புள்ளி இல்லை. வந்து அடித்தால்தான் உண்டு. ரிங்கோரம் எடுத்த கணக்குப்படி ஹேக்லர் வீசிய குத்து 792, அதில் எதிராளிமேல் விழுந்தது 291. லெனார்டு வீசியது 629, விழுந்தது 306.

ஹேக்லரின் குத்துதான் கனம் என்பீர்கள். உண்மை. 5ஆம் ரவுண்டின் முடிவில் அவர் கீழிருந்து மேலாக விட்ட அப்பர்கட்டில் லெனார்டின் முழங்கால் மடங்கியது. ஆனாலும் ஆள் கீழே விழவில்லை, ஆகவே ரவுண்டை எடுத்தவருக்கு 10, மற்றவருக்கு 9 என்ற வழக்கமான 10–9தான். மற்றொரு ரவுண்டில் இரண்டரை நிமிடம் சுற்றிச்சுற்றி வந்துவிட்டு, கடைசி அரை நிமிடத்தில் கைகளைப் படபடவென்று ஓட்டி லெனார்டு எடுத்ததற்கும் அதே 10–9. நேரம் பார்த்துச் சொல்ல அவருடைய கார்னரில் ஆள் வைத்திருந்தார்கள்.

இனி மூன்று நடுவர்களின் புள்ளி அட்டைகளைப் பாருங்கள். ஃபிலிப்போ ஹேக்லருக்கு 115–113. மொரெட்டி லெனார்டுக்கு 115–113. குவெரா லெனார்டுக்கு 118–110. குவெராவின் அட்டை, அதாவது ஹேக்லருக்கு இரண்டே ரவுண்டு என்பது, எந்த வகையிலும் ஏற்க முடியாதது. ஹேக்லர் தரப்பு பிரிட்டிஷ் நடுவர் ஹாரி கிப்ஸை வேண்டாம் என்றதால்தான் குவெரா உள்ளே வந்தார் என்பது இன்னும் வருத்தம். ஆனால் எல்லோரும் குவெராவைத் திட்டும்போது மொரெட்டியின் அட்டையைக் கவனிப்பதில்லை. அதில் ஒரே ஒரு ரவுண்டு ஹேக்லர் பக்கம் திரும்பியிருந்தால் 114–114. ஒருவருக்கு ஒரு அட்டை, மூன்றாவது சமம். சண்டை டிரா, பட்டம் ஹேக்லருக்கே.

அந்த ஒரு ரவுண்டை ஹேக்லர் எங்கே விட்டார்? ஆரம்பத்தில்தான். இடக்கை நிலையில் நின்று உலகையே மிரட்டியவர், அன்று வலக்கைக்காரராக நின்று தொடங்கினார். முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்தான ஜாப் எட்டவில்லை, லெனார்டு சுலபமாக விலகிப்போனார். முதல் இரண்டு ரவுண்டையும் மூன்று நடுவர்களுமே லெனார்டுக்குப் போட்டார்கள். 15 ரவுண்டு என்றால் ஈடுகட்ட நேரம் இருந்திருக்கும். ஒப்பந்தத்திலேயே 12 என்று கேட்டு வாங்கியவர் லெனார்டு. மூன்று வருடம் ரிங் ஏறாத உடம்பின் அளவு அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு முறை பாருங்கள். ஒலியை நிறுத்திவிடுங்கள், வர்ணனையும் கூட்டத்தின் கூச்சலும் கண்ணை ஏமாற்றும். ஒவ்வொரு ரவுண்டும் முடிந்து மணி அடித்ததும் புள்ளியை எழுதுங்கள், பிறகு திருத்தாதீர்கள். கையுறையிலும் தோளிலும் பட்டதைக் கழித்துவிடுங்கள். 9ஆம் ரவுண்டை மட்டும் இரண்டு தடவை ஓட்டுங்கள்: மூலையில் மாட்டிய லெனார்டு திருப்பி அடித்து வெளியே வருகிறார், அங்கே யார் குத்து சுத்தமாக விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

எழுதியதை அனுப்பி வையுங்கள். 115–113 ஹேக்லருக்கு என்று வந்தால் நான் மறுக்கப்போவதில்லை. 118–110 என்று யாருக்கு வந்தாலும், எந்த ரவுண்டை எதற்காகக் கொடுத்தீர்கள் என்று கேட்பேன்.