'ஸ்ட்ரீட் சீன்' நாடகம் முதலில் எப்படி மேடையேறியது?

திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தின் வாசலை அப்படியே மேடையில் வைத்தால் எப்படி? அமெரிக்க நாடகாசிரியர் எல்மர் ரைஸின் 'ஸ்ட்ரீட் சீன்' அதுதான். ஊர் மட்டும் நியூயார்க். பல தயாரிப்பாளர்கள் கைவிரித்த பிறகு வில்லியம் பிரேடி துணிந்தார், இயக்கம் ரைஸே. 1929 ஜனவரி 10-ல் பிளேஹவுஸ் அரங்கில் தொடங்கி 601 காட்சிகள், கூடவே புலிட்சர் பரிசு.

எனக்குப் பிடித்தது ஜோ மீல்சினரின் செட். கட்டடத்தின் முகப்பு மட்டும்தான். படிக்கட்டில் வம்பு, ஜன்னல்களில் எட்டிப் பார்க்கும் தலைகள், கோடைப் புழுக்கம். கொலைகூட மாடிக்குள்தான், நமக்கு வெடிச் சத்தமும் ஜன்னலும்தான். (முடிவை உளறிவிட்டேனோ?) நம்ம சபா நாடகங்களில் சோபா செட்டைத் தாண்டிக் கதை வெளியே வராது, இதில் வீட்டுக்குள்ளேயே போகாது.

1947-ல் கர்ட் வைல் இசையில், நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயிலேயே ஓபராவாகவும் வந்தது.