மொரிஷியஸுக்கு வருகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி–பதில்

மொரிஷியஸ் தீவைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் போர்ட் லூயிஸில் பிறந்து வளர்ந்த தமிழாசிரியர். என் பாட்டனாரின் பாட்டனார் கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர் என்பது எங்கள் குடும்பம் காத்துவரும் செய்தி. ஆகவே வெளியிலிருந்து பார்க்கிறவர் எழுதும் பயணக் குறிப்பாக அல்லாமல், இந்த மண்ணில் வாழ்கிறவர் விருந்தினருக்குச் சொல்லும் செய்தியாக இந்தப் பதில்களைப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

குடும்பத்துடன் ஒரு வாரம் வர எண்ணியிருக்கிறோம். பொங்கல் விடுமுறை நல்லதா, மே மாத விடுமுறை நல்லதா? தீவின் நில அமைப்பையும் விளக்குங்கள்.
– ஒரு வாசகி, திருச்சி

மே மாதமே நல்லது. மொரிஷியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் தமிழ்நாட்டுக்கு நேர்மாறாக வரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புழுக்கமும் மழையும் உள்ள கோடை. மே முதல் அக்டோபர் வரை இதமான குளிர்காலம். ஜனவரி முதல் மார்ச் வரை புயல்கள் மிகுதி. இங்கே புயல் எச்சரிக்கையை நான்கு வகுப்புகளாக அறிவிக்கிறார்கள். நான்காம் வகுப்பு அறிவிக்கப்பட்டுவிட்டால், எச்சரிக்கை நீங்கும் வரை விடுதியை விட்டு ஒருவரும் வெளியே போகக் கூடாது. ஆனால் தைப்பூசக் காவடியைக் காண வேண்டும் என்று விரும்பினால் ஜனவரி, பிப்ரவரியைத் தவிர வேறு வழியில்லை. அப்போது திரும்பும் பயணத்துக்கு முன்னே ஓரிரு நாள் இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள்.

நிலத்தைப் பற்றிச் சொல்வதானால், முதன்மைத் தீவு 1,865 சதுர கிலோமீட்டர், அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலிருந்து எழுந்த எரிமலையே இத்தீவு. பக்கத்துத் தீவான ரீயூனியனில் எரிமலை இன்னும் குமுறிக்கொண்டிருக்க, எங்களுடையது எப்போதோ அடங்கிவிட்டது. அது விட்டுச்சென்ற கருங்கற்பாறைச் சிகரங்களுள் உயரமானது 828 மீட்டர்தான். ஆயினும் கடல் மட்டத்திலிருந்து செங்குத்தாக எழுவதால் அவை பெரிய மலைகளாகவே தோன்றும். நடுவே மேட்டுச் சமவெளி. தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று தன் ஈரத்தை அங்கே இறக்கிவிடுவதால் கூர்ப்பிப் நகரில் ஜூலை மாதத்தில் கம்பளிச் சட்டை தேவைப்படும். அரை மணி நேரம் மேற்கே இறங்கினால் வெயில் காயும். குளிர்காலத்தில் வருகிறவர்கள் மேற்குக் கரையிலோ வடக்கிலோ தங்கினால் காற்றின் தொல்லை குறைவு. தீவைப் பவளப்பாறைத் திட்டு ஏறத்தாழ முழுவதுமாகச் சூழ்ந்திருக்கிறது. தெற்கே சூயாக்கின் பக்கம் அது இல்லாததால் அலைகள் நேரே பாறையில் வந்து மோதும். அங்கே குளிக்க இறங்க வேண்டாம்.

சாலையில் போகும்போது கரும்பு வயல்களின் நடுவே கருங்கற்கள் கூம்பாகக் குவிந்திருப்பதைக் காண்பீர்கள். பலர் அவற்றை ஏதோ பழைய கோவிலின் எச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உழவுக்கு நிலத்தைத் திருத்துவதற்காக, முதலில் அடிமைகளும் பிறகு இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் வெறுங்கையால் பெயர்த்து எடுத்துப் போட்ட கற்கள் அவை. ஒரு முறையாவது வண்டியை நிறுத்தி அருகில் போய்ப் பாருங்கள்.

ஆப்பிரிக்க நாடு என்கிறார்கள். யானை, சிங்கம் உண்டா? காட்டு விலங்குகளைக் காண எங்கே போக வேண்டும்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இல்லை. ஆப்பிரிக்கப் பெருநிலம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது; நீந்தியோ நடந்தோ எந்த விலங்கும் வந்துசேர முடியாது. மனிதர்கள் வருவதற்கு முன் இத்தீவின் நிலத்தில் வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி ஒன்றுகூட இருந்ததில்லை. பறந்து வந்தவையும் மிதந்து வந்தவையும் மட்டுமே இங்கே பெருகின. தின்பதற்கு எதிரி இல்லாத தீவில் ஒரு புறா இனம் பறப்பதையே விட்டுவிட்டு, பருத்து, தரையில் நடக்கும் பறவையானது. அதுதான் டோடோ.

1598இல் டச்சுக் கப்பல்கள் வந்தன. 1662க்குப் பிறகு டோடோவைக் கண்டதாக உறுதியான செய்தி இல்லை. மாலுமிகள் அடித்துத் தின்றே அதை அழித்தார்கள் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லிவந்தன. கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் தரையில் கிடந்த முட்டைகளைத் தின்றதும், கருங்காலிக்காகக் காடு வெட்டப்பட்டதும் அதைவிடப் பெரிய காரணங்கள். போர்ட் லூயிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரே பறவையின் எலும்புகளால் ஆன டோடோ எலும்புக்கூடு இருக்கிறது. அதைத் தேடி எடுத்தவர் எத்தியேன் தீரியூ என்ற முடிதிருத்துநர். உலகில் வேறெங்கும் அப்படியொன்று இல்லை. பொம்மை டோடோக்களை வாங்குகிற பயணிகளில் பலர் அந்த அறைக்குள் நுழையாமலே ஊர் திரும்புகிறார்கள் என்பது எனக்கு வருத்தமே.

நீங்கள் காண வேண்டியவை சிறிய உயிர்கள். அவற்றைக் காணக் கொஞ்சம் பொறுமை வேண்டும். விடுதி வாசலில் முதலில் கண்ணில் படும் மைனா, செம்மீசைச் சின்னான், காகம் யாவும் மனிதர்களோடு வந்தவை. கிரான் பாசேன் ஏரிக் கரையில் பழத்தைப் பறிக்கும் குரங்குகள் தென்கிழக்காசியாவிலிருந்து வந்தவை. மான்களை டச்சுக்காரர்கள் 1639இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தார்கள். எலியைப் பிடிக்கவென்று 1900இல் கீரியை விட்டார்கள். அது பறவைகளையும் பிடித்தது. இத்தனைக்கும் நடுவே தப்பிப் பிழைத்த உள்நாட்டு உயிர்களைக் காண்பதற்குத்தான் நீங்கள் கடற்கரையை விட்டு மேலே ஏற வேண்டும்.

1974இல் மொரிஷியஸ் வல்லூறுகள் நான்கே எஞ்சியிருந்ததாக அறியப்பட்டது. மலேரியாக் கொசுவை ஒழிக்கத் தெளித்த டி.டி.டி. மருந்தும், காடு குறைந்ததும், முட்டை திருடும் விலங்குகளும் சேர்ந்து அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தன. 1979இல் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர், கூட்டிலிருந்து முதல் ஈடு முட்டைகளை எடுத்து வெதுப்புப் பெட்டியில் பொரிக்கச் செய்தார். முட்டையை இழந்த பெட்டை மறுபடியும் இடும் என்பதே அதன் சூட்சுமம். இன்று அந்த வல்லூறுகள் சில நூறு இருக்கின்றன. 1990ஆம் ஆண்டு வாக்கில் காட்டில் பத்தளவே இருந்த இளஞ்சிவப்புப் புறாவும், அதே அளவுக்குக் குறைந்துபோயிருந்த எக்கோ கிளியும் இவ்வாறே மீட்கப்பட்டன. ஊருக்குள் பறக்கும் பச்சைக்கிளியைக் கண்டு அதுவே எக்கோ கிளி என்று நினைத்துவிடாதீர்கள். அது நம் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் வாழும் அதே கிளி. கூண்டிலிருந்து தப்பிப் பெருகியது. எக்கோ கிளி பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக் காட்டில்தான் வாழும்.

அந்தப் பள்ளத்தாக்கை 1994இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுமார் 6,500 ஹெக்டேர். அதிகாலையில் போங்கள். மழைக்கோட்டும் வழுக்காத காலணியும் அவசியம்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் உண்டு என்பவர்களுக்கு, மாயெபூர் அருகே கரையிலிருந்து படகில் சில நிமிடத்தில் போய்ச் சேரும் எக்ரேத் தீவைச் சொல்வேன். 26 ஹெக்டேர் பரப்புள்ள சிறு பவளத் தீவு. எலிகளை ஒழித்து, அந்நியச் செடிகளைப் பிடுங்கி, மொரிஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளையினர் அங்கே பழைய காட்டை மறுபடி வளர்த்து வருகிறார்கள். கருங்காலி மரத்தடியில் ஆமைகள் மேயும். மொரிஷியஸுக்கே உரிய இரண்டு ஆமை இனங்களும் அழிந்துவிட்டன. இப்போது இருப்பவை செஷெல்ஸ் நாட்டு அல்தாப்ராவிலிருந்து வந்தவை, விழுந்த கனிகளைத் தின்று விதை பரப்பும் பழைய வேலையை அவை செய்யட்டும் என்று விடப்பட்டவை. 2020 ஜூலையில் ஒரு சரக்குக் கப்பல் பக்கத்துப் பவளத்திட்டில் ஏறி, ஏறக்குறைய 1,000 டன் எண்ணெய் கசிந்தபோது, ஊர் மக்கள் அரசாணைக்குக் காத்திராமல் கரும்புச் சோகையைத் துணியில் திணித்து மிதவைத் தடுப்புகள் செய்து கடலில் இறக்கினார்கள். என் மாணவர்கள் கையெல்லாம் கறுத்து வந்து நின்ற காட்சி என் கண்ணைவிட்டு அகலவில்லை.

அங்கே தமிழில் பேசினால் புரிந்துகொள்வார்களா?
– ஒரு வாசகர், ஈரோடு

பெரும்பாலும் மாட்டார்கள், அதற்காக அவர்களைத் தமிழரல்லர் என்று எண்ணிவிடவும் வேண்டாம். ஏறத்தாழ 12.5 லட்சம் பேர் வாழும் இந்நாட்டில் வீட்டிலும் கடைத்தெருவிலும் வழங்குவது பிரெஞ்சை அடியாகக் கொண்டு பிறந்த கிரியோல் மொழி. நாடாளுமன்றத்தில் ஆங்கிலம், செய்தித்தாளில் பிரெஞ்சு. தமிழ் பள்ளியிலும் கோவிலிலும் கற்கப்படும் மொழி. எனக்கும் அது பள்ளியில் வந்ததே. ஆனால் மதம் என்ன என்று கேட்டால் இங்குள்ள தமிழர் பலர் ‘தமிழ்’ என்றே பதில் சொல்வார்கள். ‘இந்து’ என்பது இங்கே பெரும்பாலும் வட இந்தியாவிலிருந்து வந்த போஜ்புரி மரபினரைக் குறிக்கும் சொல்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நூறு ஆண்டுகள் முன்னதாகவே, பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில், புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் வந்து போர்ட் லூயிஸ் நகரைக் கட்டினார்கள். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இறங்கிய ஆப்ரவாசி காட் துறையின் படிக்கட்டுகள் அதே நகரில் இருக்கின்றன. 2006இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அங்கே போகிறவர்கள் லெ மோர்ன் மலையடிக்கும் போக வேண்டும். தப்பியோடிய ஆப்பிரிக்க, மலகாசி (மடகாஸ்கர்) அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. அவர்கள் பட்டதை அறியாமல் நம் முன்னோர் பட்டதை மட்டும் பேசுவது முறையாகாது.

உங்கள் கைக்கு வரும் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும். 1998இல் புதிய தாள்களில் தமிழை இந்திக்குப் பின்னே தள்ளியபோது தமிழர்கள் எழுப்பிய எதிர்ப்பால் அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. 100 ரூபாய்த் தாளில் உள்ள முகம் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனுடையது. தலைநகரின் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலுக்கும், கார்ப்ஸ் தெ கார்து மலைச்சரிவில் உள்ள முருகன் கோவிலுக்கும் வாருங்கள். அங்கே ‘வணக்கம்’ என்றால் ‘வணக்கம்’ என்றே பதில் வரும்.

பாம்பு, சுறா பயம் உண்டா? குழந்தைகளை அழைத்து வருகிறோம்.
– ஒரு வாசகி, மலேசியா

மனிதருக்கு ஆபத்தான பாம்பு இங்கே இல்லை. பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமற்ற கடலில் சுறாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது கல்மீனுக்கு. கல்லைப் போலவே அடியில் கிடக்கும். மிதித்தால் முதுகு முள்ளின் நஞ்சு கடும் வலி தரும். ரப்பர் காலணி அணிந்தே இறங்குங்கள். குத்திவிட்டால் தாங்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீங்கள் வௌவாலைப் பாதுகாக்க வேண்டும் என்கிறீர்கள். என் லிச்சி மரத்தை அவை ஒரே இரவில் காலி செய்கின்றன. உழைத்தவனுக்கு என்ன பதில்?
– ஒரு வாசகர், கூட்லாண்ட்ஸ், மொரிஷியஸ்

உங்கள் கோபம் நியாயமானது. பழந்தின்னி வௌவால்களைச் சுட 2015 முதல் அரசு பல முறை அனுமதித்தது. 2018இல் அவை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டன. நல்ல நிலையில் உள்ள இயற்கைக் காடு இத்தீவில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மலை மரங்களின் கனியைத் தின்று, விதையைத் தொலைவில் போடும் பெரிய உயிர் இனி அது ஒன்றே. அதைச் சுட்டால் மிஞ்சிய காடும் புதிதாக முளைக்காது. மரத்தைத் தாழக் கவாத்துச் செய்து வலை போடுவதே பலன் தந்த வழி. உயர்ந்த பழைய மரத்துக்கு அது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். வலைக்கு அரசு தரும் உதவியை இன்னும் பெருக்க வேண்டும் என்று கேட்பதில் நான் உங்கள் பக்கமே நிற்பேன்.

அங்குள்ள உறவினருக்கு முருங்கைக் கன்று, கறிவேப்பிலைக் கன்று, விதைகள் கொண்டுவரலாமா?
– ஒரு வாசகி, மதுரை

அன்பு புரிகிறது, ஆனால் வேண்டாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் செடியோ விதையோ பழமோ கொண்டுவருவதைச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டத்துக்குக் காரணத்தைப் பிளாக் ரிவர் காட்டிலேயே பார்க்கலாம். நல்லெண்ணத்தோடு யாரோ கொண்டுவந்த சீனக் கொய்யா இன்று காட்டின் அடித்தளம் முழுவதும் புதராக மண்டி, கருங்காலிக் கன்று தலையெடுக்க இடமில்லாமல் செய்துவிட்டது. விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு போய் அந்தக் கொய்யாவைப் பறித்து உண்பது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி என்பதும் உண்மை. அதனாலேயே அதன் தீமை பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மேலும் உங்கள் உறவினருக்கு அவை எதுவும் குறைவில்லை. நம் முன்னோர் கொண்டுவந்தவை இங்கே வேரூன்றி நெடுங்காலமாகிவிட்டது. செடியோடு அதன் பெயரும் வந்து கிரியோலில் கலந்துவிட்டது. போர்ட் லூயிஸ் சந்தையில் தமிழ் ஒரு சொல்லும் அறியாத கடைக்காரரிடம் ‘கொத்தோமிலி’ என்று கேளுங்கள், கொத்தமல்லிக் கட்டை எடுத்துத் தருவார். ‘பிப்பங்காய்’ என்றால் பீர்க்கங்காய். ‘கரிப்புலே’ என்றால் கறிவேப்பிலை. முருங்கைக் கீரைக்கு ‘பிரெத் முரூம்’ என்று கேட்க வேண்டும். காலையில் போனால் தளிராகக் கிடைக்கும்.