பக்கத்துப் பக்கத்து இரண்டு கடைகளின் சுகெமென்னை (நூடுல்ஸைத் தனியாக வைத்த சாற்றில் தொட்டுச் சாப்பிடும் ஜப்பானிய ராமென்) எப்படி ஒப்பிடுவது?

முதலில் சாறு எந்த வகை என்று பாருங்கள். டோக்கியோவில் 1955இல் சமையல்காரர் யமகிஷி கசுவோ தாய்ஷோகென் என்ற ராமென் கடையின் உணவுப் பட்டியலில் ஏற்றிய பழைய வகை நீர்க்க இருக்கும். சோயா சாஸ், வினிகர், சர்க்கரை சேர்ந்து புளிப்பும் இனிப்பும் தூக்கலாகத் தெரியும். பிற்காலத்தில் பரவியது பன்றி எலும்பும் உலர்மீனும் கொதித்த கெட்டிச் சாறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமில்லை.

அடுத்து நூடுல்ஸ். சாற்றில் தொடாமல் இரண்டு இழையை மென்று பாருங்கள், கோதுமை மணம் வர வேண்டும். தடித்த நூடுல்ஸ் வேகவே 10 நிமிடம் ஆகலாம். வெந்ததும் குளிர்ந்த நீரில் தேய்த்து அலசி நன்றாக வடிக்க வேண்டும். தட்டின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்தது போதவில்லை. அந்தத் தண்ணீர் பாதி தட்டு முடிவதற்குள் சாற்றைக் கெடுத்துவிடும்.

குளிர்ந்த நூடுல்ஸ் படப்பட சாறு ஆறும், கெட்டிச் சாறானால் கொழுப்பு உதட்டில் ஒட்டும். அதற்காக ‘அட்சுமோரி’ (வெந்நீரில் மறுபடி முக்கி எடுத்த நூடுல்ஸ்) கேட்டால் சூடு நிற்கும், இறுக்கம் போய்விடும். ஒப்பிடுவதற்கு இரண்டு கடையிலும் குளிர்ந்ததே சரி. இழையில் பாதியை மட்டும் முக்குங்கள். கடைசியில் ‘சூப் வாரி’ கேட்டால் மிச்சச் சாற்றில் சூடான சூப் ஊற்றித் தருவார்கள். வெறும் உப்பா, அடியில் சுவை இருக்கிறதா என்பது அப்போது பிடிபடும்.